வாளையார் முதல் வால்பாறை வரை: தானே ஓடும் காரோடு ஓர் எல்லைப் பயணம்

சனி, இரவு, பாலக்காடு

தம்பி புதுக் கார் வாங்கியிருக்கிறான். சித்தப்பா மகன், திருப்பூரில் பின்னலாடை வியாபாரம். "அக்கா, இது தானே ஓடும்" என்று அவன் சொன்னதை நம்பி நான் கிளம்பவில்லை, நம்பாததால்தான் கிளம்பினேன். கல்லூரியில் போக்குவரத்துப் பொறியியல் நடத்துகிறவளுக்கு, அப்படி ஒரு வண்டி கேரள எல்லைச் சாலைகளில் என்ன பாடுபடும் என்று பார்க்க ஆசை இருக்காதா? பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழா ஒரு சாக்கு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது தானே ஓடும் கார் அல்ல. வாகனப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான எஸ்.ஏ.இ. 2014இல் வகுத்த அளவுகோலில் 0 முதல் 5 வரை படிகள் உண்டு. 5 என்றால் எந்தச் சாலையிலும், எந்த வானிலையிலும் மனிதர் தேவையில்லை. தம்பியின் கார் 2ஆம் படி. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன் பம்பருக்குள் ஒரு ரேடார். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி காக்கும், வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே நிற்கும், தேவைப்பட்டால் பிரேக் போடும். பொறுப்பு முழுக்க ஸ்டீயரிங் முன் உட்கார்ந்திருப்பவருடையது. விற்பனைக் கூடத்தில் இதை எந்த அளவுக்குச் சொன்னார்கள் என்று தம்பியைக் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான்.

மதுக்கரை தாண்டியதும் வேகத்தை 80இல் வைத்தான். இடைவெளி இரண்டு விநாடி. மணிக்கு 80 கி.மீ. என்றால் விநாடிக்கு 22 மீட்டர். ஆக எங்களுக்கும் முன்னால் போன சிமெண்ட் லாரிக்கும் நடுவே 44 மீட்டர் வெறும் தார்ச்சாலை. பாடப்புத்தகத்தில் அதற்குப் பாதுகாப்பு இடைவெளி என்று பெயர். கோவை–பாலக்காடு சாலையில் அது காலி மனை. முதலில் பால் கேன் கட்டிய ஒரு பைக் நுழைந்தது. கார் பிரேக் போட்டு, பைக்குக்குப் பின்னால் புதிதாக 44 மீட்டரை உண்டாக்கியது. அதில் ஒரு டெம்போ நுழைந்தது. மறுபடியும் பிரேக். பிறகு கேரளப் பேருந்து ஒன்று, ஹாரனைக்கூட வீணாக்காமல். பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கை அடித்து அடித்துச் சலித்து, கடைசியில் இடது பக்கமாக எங்களைத் தாண்டும்போது ஜன்னல் வழியே தம்பியைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. எட்டிமடை வருவதற்குள் எங்களை முந்தாத வண்டி இல்லை.

"இடைவெளியைக் குறைத்து வைக்கட்டுமா, அக்கா?"

"வேண்டாம். வேடிக்கை பார்க்கத்தானே வந்திருக்கிறோம்."

வேடிக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை எங்கள் துறையில் அனைவருக்கும் மனப்பாடம். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சீராகப் போகச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே வருவோர் இல்லை. இருந்தும் கொஞ்ச நேரத்தில் ஓரிடத்தில் வண்டிகள் நின்றுபோயின. அந்த நெரிசல் மணிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. ஒருவர் பிரேக்கை லேசாகத் தொட, பின்னவர் அதைவிட அழுத்த, அவருக்கும் பின்னவர் நின்றேவிட, காரணமே இல்லாத நெரிசல் பிறக்கிறது. பின்னர் அமெரிக்காவின் அரிசோனாவில் இதே மாதிரி வட்டத்தில் ஒரே ஒரு தானியங்கிக் காரைக் கலந்துவிட்டார்கள். அது முன்னால் திறக்கும் இடத்தை நோக்கிப் பாயாமல் சராசரி வேகத்தில் நிதானமாகப் போனது, நெரிசல் அலை அடங்கிவிட்டது. 2022 நவம்பரில் நாஷ்வில் நகரத்து நெடுஞ்சாலையில் 100 கார்களோடு அதே யோசனையைப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள்.

இருபதில் ஒரு வண்டி ஒழுங்காக ஓடினால் மற்ற வண்டிகளும் ஒழுங்காகும் என்பதுதான் ஒருங்கிணைந்த போக்குவரத்து என்ற கனவின் அடித்தளம். நான் வகுப்பில் ஆர்வத்தோடு சொல்லும் கதையும் இதுவே. ஆனால் அந்த வட்டத்தில் ஒரு வழிதான். நடுவில் நுழைய பால் கேன் பைக் கிடையாது.

வாளையாருக்கு முன்பு தண்டவாளத்தைப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் விலகிப் போனோம். மதுக்கரையிலிருந்து வாளையார் வரை ரயில் பாதை காட்டை ஒட்டி இரண்டு தடங்களாகப் பிரிந்து போகிறது. ஊர்க்காரர்கள் ஏ லைன், பி லைன் என்கிறார்கள். 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூரு–சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு தமிழ்நாடு வனத்துறை 7.24 கோடி ரூபாயில் 12 கோபுரங்களும் 24 கேமராக்களும் நிறுவி 2024 பிப்ரவரியில் இயக்கத் தொடங்கியது. அவற்றில் வெப்பத்தைக் காணும் கேமராக்களும் உண்டு. யானை தண்டவாளத்தை நெருங்கினால் கணினி அடையாளம் கண்டு கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறது. அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போக, அவர் வேகத்தைக் குறைக்கிறார்.

கவனியுங்கள்: இதில் ஓட்டுநர் இல்லாத வண்டி எதுவும் இல்லை. ஓட்டுநருக்குத் தெரியாத ஒன்றை வேறொரு கண் பார்த்துச் சொல்கிறது, அவ்வளவுதான். இந்த வட்டாரத்தில் செயற்கை நுண்ணறிவு செய்திருக்கும் உருப்படியான போக்குவரத்து வேலை எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

வாளையார்ச் சோதனைச்சாவடியை நாங்கள் நிற்காமலே தாண்டினோம். பழைய ஆட்களுக்கு இது அதிசயம். வணிகவரிச் சீட்டுக்காக லாரிகள் இரவெல்லாம் நின்ற இடம் இது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடிக்கு வேலை இல்லாமல் போயிற்று. மோட்டார் வாகனத் துறையும் கலால் துறையும் இன்னும் பார்க்கின்றன. ஆனால் அந்தப் பழைய வரிசை இல்லை. இந்தச் சாலையின் வேகத்தை அதிகம் கூட்டியது ரேடாரா, சட்டமா என்று யோசித்தபடியே பாலக்காடு வந்துவிட்டோம்.

ஞாயிறு, நள்ளிரவு, கல்பாத்தி

ஐப்பசி கடைசி. தேரின் மூன்றாம் நாள். காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தோம்.

காலையில் ஸ்டேடியம் பஸ் நிலையச் சந்திப்பில் அரை மணி நேரம் நின்றேன். தம்பிக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது, தொழில் புத்தி. பச்சை விழுந்ததும் முதலில் புறப்படுவது ஆட்டோ. வரிசையில் முதலாவதாக நின்றதால் அல்ல; சிவப்பு இருந்த நேரத்தில் மற்றவர்களின் இடுக்கு வழியே ஊர்ந்து முன்னால் வந்துவிட்டதால். இருசக்கர வண்டிகள் கோட்டைத் தாண்டி முக்கோணமாகக் குவிகின்றன. முதல் ஐந்து விநாடியில் எத்தனை வண்டிகள் போகின்றன என்று எண்ணிப் பார்த்தால், ஒழுங்காக வரிசை பிடிக்கும் ஊர்களைவிட நம்முடைய சந்திப்பு சில நேரம் அதிகமாகவே தள்ளிவிடுகிறது. ஒழுங்கின்மை என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. இதற்கென்றே மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம் ஒரு சிக்னல் முறையை உருவாக்கியது. கோசிகாஸ்ட் என்று பெயர். வரிசை பிடிக்காத, பல வகை வண்டிகள் கலந்த நம் போக்குவரத்தை மனதில் வைத்து, வரத்துக்கு ஏற்பப் பச்சை நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். வெளிநாட்டு முறைகள் வரிசையை நம்பி எழுதப்பட்டவை.

அடுத்த கட்டக் கனவில் சிக்னலே இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கர்ட் ட்ரெஸ்னரும் பீட்டர் ஸ்டோனும் 2004இல் முன்வைத்தது: சந்திப்பை நெருங்கும் ஒவ்வொரு காரும் முன்கூட்டியே செய்தி அனுப்பி, இத்தனையாவது நொடியில் சந்திப்பின் இந்தச் சதுரம் எனக்கு வேண்டும் என்று முன்பதிவு செய்யும். சந்திப்பின் கணினி இடம் ஒதுக்கும். யாரும் நிற்க வேண்டியதில்லை. நான்கு திசை வண்டிகளும் ஒன்றையொன்று உரசாமல் ஊடுருவிப் போகும். கணினித் திரையில் அதன் காணொளியைப் பார்த்தால் மயிர்க்கூச்செறியும். ஆனால் அந்தத் திரையில் சாலையைக் கடக்கும் ஒரு பாட்டியைத் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார். நடந்து போகிறவர் எந்தக் கணினியிடம் இடம் பதிவு செய்வார்?

இது வெறும் குத்தல் அல்ல. 2018 மார்ச் 18 இரவு அரிசோனாவின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் சோதனைத் தானியங்கிக் கார் மோதி இறந்தார். விசாரணையில் தெரியவந்த விஷயம் என்னை இன்றும் உலுக்குகிறது. வண்டி அவரைப் பார்த்திருக்கிறது. ஆனால் அடையாளம் தெரியாத பொருள், வாகனம், சைக்கிள் என்று மாற்றி மாற்றிக் கணித்திருக்கிறது. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடப்பார் என்பதற்கே அந்த மென்பொருளில் இடம் வைக்கப்படவில்லை. நம் ஊரில் கோடு இருக்கும் இடத்தில் கடப்பவர்கள்தான் அபூர்வம்.

மாலை தேர். விசுவநாதசுவாமி கோயில் தேர்கள், புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, சாத்தபுரம் தேர்கள் எல்லாம் அக்ரகாரத் தெருக்கள் வழியே வந்து ஓரிடத்தில் கூடுகின்றன. தெரு குறுகலானது, இரு பக்கமும் வீட்டுத் திண்ணைகள். வடத்தை முன்னால் மக்கள் இழுக்க, பின்னால் யானை மத்தகத்தால் முட்டித் தள்ளுகிறது. சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்கள்தான் உண்மையில் வண்டியை ஓட்டுகிறார்கள். திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் தேர் அந்தப் பக்கம் முகம் திருப்பும். அவர்களுக்கு வடம் பிடிப்போர் தெரிவதில்லை. வடம் பிடிப்போருக்கு யானை தெரிவதில்லை. இடையில் தேர்த்தட்டில் நிற்பவர் கையை உயர்த்துகிறார், இறக்குகிறார்; வாத்தியச் சத்தம் மாறுகிறது; மொத்தக் கூட்டமும் நின்றுவிடுகிறது. பக்கத்துத் திண்ணையில் இடம் கொடுத்த மாமியிடம், கட்டை போடுவதை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். "அப்பா பக்கத்தில் சின்ன வயதிலிருந்து நிற்பார்கள், அவ்வளவுதான்" என்றார் பாலக்காட்டுத் தமிழில்.

கூட்டம் உச்சத்தில் இருந்தபோது கைபேசியில் வரைபடம் திறக்கவில்லை. அழைப்பும் போகவில்லை. அலைக்கற்றை முழுவதும் காணொளி அனுப்புகிறவர்களிடம். வண்டிகள் ஒன்றோடொன்று பேசுவது கைபேசிக் கோபுரத்தை நம்பி இருந்தால் இன்று கல்பாத்தியில் எல்லாம் ஊமை. அதனால்தான் 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வண்டிக்கு வண்டி நேரடியாகப் பேசும் முறைகளை வகுத்திருக்கிறார்கள். கோபுரம் தேவையில்லை, சில நூறு மீட்டர் போதும். அமெரிக்கா இதற்கென்று 1999இலேயே அலைவரிசை ஒதுக்கியது. இருபது ஆண்டுக்கு மேல் பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை என்று 2020இல் அதில் பாதிக்கு மேல் பிடுங்கி வைஃபைக்குக் கொடுத்துவிட்டது. எல்லோரும் பேசினால்தான் பயன். முதலில் வாங்குகிறவனுக்குப் பேச ஆள் இல்லை.

திங்கள், பாலக்காடு

கார்த்திகை முதல் நாள். மாலை போட்ட சாமிகளின் வண்டிகள் விடியற்காலையிலிருந்தே தெற்கு நோக்கி. நாங்களும் குதிரான் சுரங்கம் வரை போய்த் திரும்பினோம்.

வடக்கஞ்சேரிக்குப் பிறகு பன்னியங்கரை சுங்கச்சாவடி. ஃபாஸ்டாக் ஒட்டுச்சீட்டு சாவடியோடு ஒரு நொடி பேசிப் பணம் கொடுத்துவிட்டது. வண்டியும் சாலையும் பேசும் தொழில்நுட்பம் நம் நாட்டில் எல்லார் கண்ணாடியிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. அதைப் பணம் வாங்க மட்டும் வைத்திருக்கிறோம்.

குதிரான் கேரளத்தின் முதல் சாலைச் சுரங்கம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், இரட்டைக் குழாய், பீச்சி–வாழானி சரணாலயத்துக்கு அடியில். ஒரு குழாய் 2021 ஜூலை 31இலும் மற்றொன்று 2022 ஜனவரியிலும் திறந்தன. அதற்கு முன்பு மேலே இருந்த மலைச்சாலையில் மணிக்கணக்காக நின்றவர்களைக் கேட்டால் தெரியும்.

சுரங்கத்துக்குள் தம்பியின் கார் மாப்பிள்ளை மாதிரி நடந்துகொண்டது. மழை இல்லை, கோடுகள் பளிச்சென்று, வெளிச்சம் சீராக, ஆடு மாடு இல்லை, இடது பக்கத்திலிருந்து முளைக்கும் குறுக்குச் சாலை இல்லை. செயற்கைக்கோள் சமிக்ஞை உள்ளே வராது. கோட்டைப் பார்த்தே போனது. 1997இல் சான் டியேகோவில் எட்டுக் கார்களைச் சில மீட்டர் இடைவெளியில் கோத்து நெடுஞ்சாலையில் ஓட்டிக் காட்டினார்கள், சாலையில் காந்தங்களைப் பதித்து. அந்த வித்தைக்கு இப்படி ஓர் இடம்தான் வேண்டும். ரயிலில் இது இன்னும் எளிது: டெல்லி மெட்ரோவின் மெஜந்தா வழித்தடத்தில் 2020 டிசம்பர் முதல் ஓட்டுநர் இல்லாமல் ரயில் ஓடுகிறது, அது பெரிய செய்தியாகக்கூட இப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. மூடிய பாதை, ஒரே நிர்வாகம், எல்லா வண்டிகளும் ஒரே கணினியின் கீழ்.

தானியங்கி வண்டி ஒரே நாளில் எல்லாச் சாலைக்கும் வராது, துண்டு துண்டாகத்தான் வரும் என்று நான் சொல்வது இதனால்தான். சுரங்கச்சாலை, துறைமுகம், சுரங்கப்பணி லாரி, இரவு நேர விரைவுச்சாலை. எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறையின் சந்தைக்கு எப்போது? நாளை பார்ப்போம்.

திரும்பும்போது தம்பி இருக்கைப் பட்டையை இரண்டு முறை சரிபார்த்தான். மோட்டார் வாகனத் துறையின் கேமராக்களுக்குப் பயம். கேரளத்தில் 726 கேமராக்கள். 2023 ஜூன் 5 முதல் அபராதம். இயந்திரம் ஓட்டுவதற்கு முன் இயந்திரம் கண்டிப்பதற்கு நாம் பழகிவிட்டோம்.

செவ்வாய், பொள்ளாச்சி

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம். கடைப் பலகைகளில் இரண்டு எழுத்தும் இருக்கின்றன, பேச்சில் தமிழ்தான். பனை, தென்னை, கள்ளுக்கடை, நிலக்கடலை. மழை விட்டு விட்டுப் பெய்தது.

கார் தன் திறமைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதலில் வெள்ளைக் கோடு காணோம் என்று ஸ்டீயரிங் உதவி அணைந்தது. பிறகு மழையில் கேமரா மங்கி ஒரு மஞ்சள் எச்சரிக்கை. சேறு ஒட்டி ரேடாரும் மறைந்தபோது, தம்பி இருபது லட்சம் கொடுத்து வாங்கிய கார் எங்கள் அப்பாவின் பழைய கார் போலவே ஆகிவிட்டது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி, காட்டிக்கொள்ளவில்லை.

இயந்திரத்துக்கு இந்தச் சாலையில் எது கஷ்டம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் அரைகுறையானது. பள்ளமும் மாடும் மட்டும் அல்ல. தானியங்கிக் காருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்க, படங்களில் ஒவ்வொரு புள்ளியும் இன்னது என்று மனிதர்கள் குறித்துக் கொடுக்க வேண்டும். 2016இல் வந்த சிட்டிஸ்கேப்ஸ் என்ற படத் தொகுப்பு அப்படிப்பட்டது. 50 நகரங்கள், பெரும்பாலும் ஜெர்மனி. அதில் ஆட்டோ கிடையாது. 2018இல் ஹைதராபாத் ஐஐஐடி கல்வி நிறுவனம் வெளியிட்ட இந்தியத் தொகுப்பில் 10,000 படங்கள், 34 வகைகள். ஹைதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்தவை. ஆட்டோ உண்டு, விலங்கு உண்டு. எனக்குப் பிடித்தது இன்னொரு வகை: சாலை அல்ல, ஆனால் தேவைப்பட்டால் வண்டி இறங்கிப் போகலாம் என்ற ஓரத்து மண். ஐரோப்பியப் பொறியாளருக்கு சாலை ஒரு கோட்டில் முடிந்துவிடும். கொழிஞ்சாம்பாறையில் எதிரே பஸ் வந்தால் சாலை இரண்டடி அகலமாகிறது.

அதைவிடக் கஷ்டமானது யார் யாருக்கு வழி விடுவது என்பது. ஒரு குறுகிய பாலத்தில் எதிரெதிராக நாங்களும் தேங்காய் ஏற்றிய ஒரு டிராக்டரும். டிராக்டர்க்காரர் விளக்கை ஒரு முறை அடித்தார். தம்பி நின்றான். எதிரே விளக்கு அடித்தால் நம் ஊரில் "நான் வருகிறேன், நீ நில்". பல நாடுகளில் அதே விளக்குக்கு "நீ வா" என்று பொருள். நடுவில் புகுந்த பைக்காரர் வலது கையை லேசாகத் தாழ்த்தி ஆட்டினார். தம்பிக்குப் புரிந்தது, மெதுவாக விட்டான். இவ்வளவு பேச்சுவார்த்தையும் நான்கு நொடியில் முடிந்துவிட்டது. காருக்குள் இருந்த கணினி டிராக்டரைப் பார்த்தது. டிராக்டர்க்காரர் சொன்னதைக் கேட்கவில்லை.

எங்கள் துறையில் ஒரு கணக்கு உண்டு. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் 1990ஆம் ஆண்டு விதிமுறையில், கிராமப்புறச் சாலையில் ஒரு கார் என்பது 1 என்றால் பைக் 0.5, லாரி 3, டிராக்டரும் டிரெய்லரும் 4.5, பெரிய மாட்டுவண்டி 8. ஒரு மாட்டுவண்டி எட்டுக் காரின் இடத்தைத் தின்கிறதாம். போக்குவரத்தை ஓட்டமாகப் பார்க்கிறவர் கண்ணில் அது அடைப்பு. அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் கண்ணில் அடைப்பு நாங்கள்தான்.

ஒருங்கிணைந்த போக்குவரத்து என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பார்வையோடு நின்றுவிடுகிறார்கள். அந்தத் திட்டங்களில் வேகம் குறைந்தவர் எல்லாம் விலக்கப்பட வேண்டியவர். நான் இதை ஏற்கவில்லை. வண்டிகள் பேசிக்கொள்ளட்டும், ஆனால் பேசும் கருவி இல்லாதவருக்கும் சந்திப்பில் முறை வர வேண்டும். அது இல்லாத ஒருங்கிணைப்பு, பணம் கொடுத்தவருக்குத் தனி வரிசை என்பதுதான்.

புதன், வால்பாறை

ஆழியாறிலிருந்து ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகள் 40. முதல் வளைவுக்கு முன்பே தம்பி எல்லாத் தானியங்கி வசதிகளையும் தானே அணைத்துவிட்டான். கேட்டதற்கு, "அக்கா, இங்கே இதை நம்பினால் அம்மா என்னை உயிரோடு விட மாட்டாள்" என்றான்.

ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் தடுப்புச் சுவர் மேல் நின்றிருந்தன. சுற்றுலா வண்டிகள் சாலை நடுவே நின்று படம் எடுத்தன. இந்த நெரிசலுக்கு எந்த அலைக் கோட்பாடும் தேவையில்லை.

அதற்கு மேலே நல்ல ஒழுங்கு இருந்தது. மலைச்சாலையில் இடம் போதாவிட்டால் இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். 1989ஆம் ஆண்டு சாலை விதிகளிலேயே இருந்த சட்டம் இது. ஏறும்போது நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கஷ்டம், பின்னால் உருளும் ஆபத்து. காரணம் தெளிவாக இருப்பதால் யாரும் மீறுவதில்லை. நகரத்து விதிகளை மீறுகிற அதே ஆட்கள்தான். அரசுப் பேருந்து வளைவில் திரும்பச் சாலை முழுவதும் வேண்டும். மேலே இருந்து இறங்கும் ஓட்டுநர்கள், இரண்டு வளைவு கீழே மர இடுக்கில் பேருந்தின் கூரை தெரிந்த உடனே அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றுவிடுகிறார்கள். ரேடாரால் மலையைத் துளைத்துப் பார்க்க முடியாது. வண்டிக்கு வண்டி பேசும் கருவி இருந்தால், கீழே ஒரு பேருந்து ஏறுகிறது என்ற ஒரே ஒரு செய்தியை மூடுபனியிலும் அனுப்பலாம். ஓட்டுநரை எடுக்க வேண்டாம். அந்த ஒரு செய்தி போதும். முதலில் எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டால் இங்கேதான் வைப்பேன், நகரத்துச் சந்திப்பில் அல்ல.

வால்பாறையில் இதற்கு ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2011 முதல் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு அனுப்புகிறது. தேயிலைத் தோட்டங்களின் உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளும் உண்டு. பதிவு செய்த கைபேசியிலிருந்து அழைத்தால் எரியும். எரிந்தால் அருகில் யானை. வேலை முடிந்து இருட்டில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு இறங்குவதா, அடுத்த நிறுத்தம் வரை போவதா என்று முடிவு செய்கிறார்கள்.

மாலை பேருந்து நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் ஓர் அரசுப் பேருந்து ஓட்டுநர் எங்கள் காரைச் சுற்றி வந்து பார்த்தார். தம்பி விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இது தானாக ஓட்டும்போது இடித்தால், லைசென்ஸ் யாருடையது போகும், மேடம்?"

"இந்தக் காரில் தம்பியுடையதுதான், அண்ணா. நம் 1988 சட்டத்துக்கு ஓட்டுகிற ஆள் ஒருவரைத்தான் தெரியும்."

"வெளிநாட்டில்?"

ஜெர்மனியில் 2021 டிசம்பரில் 3ஆம் படி அமைப்பு ஒன்றை அனுமதித்ததையும், அப்போதைய அனுமதிப்படி மணிக்கு 60 கி.மீ. வரை நெரிசலில் அது ஓட்டும்போது ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கலாம் என்று இருந்ததையும் சொன்னேன். பிரிட்டனில் 2024இல் வந்த சட்டப்படி, அனுமதி பெற்ற வண்டி தானே ஓட்டும் நேரத்தில் ஓட்டிய விதத்துக்குப் பொறுப்பு நிறுவனத்துடையது, உட்கார்ந்திருப்பவருடையது அல்ல. இங்கே மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலேயே, வேலைகளைப் பறிக்கும் ஓட்டுநர் இல்லாக் கார்களை அனுமதிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

கடைசித் தகவல் அவருக்குப் பெரிய நிம்மதி தந்ததாகத் தெரியவில்லை. "பொள்ளாச்சியிலிருந்து இங்கே ஏறுவதற்கு அந்த நிறுவனம் பொறுப்பு எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். எடுத்துக்கொள்ளாது என்றேன், எந்தச் சாலை, எந்த வானிலை என்று அவர்களே எல்லை வகுத்துக்கொள்வார்கள், மூடுபனியும் இந்த வளைவுகளும் அதற்குள் வராது. "அப்படியானால் சமவெளி அதற்கு, மலை எனக்கு" என்று சிரித்தார். நடத்துநர் விசில் ஊதவும் டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

மழை குறைந்தால் நாளை சோலையாறு வழியாக மளுக்கப்பாறை போய் மறுபடி கேரளத்துக்குள் இறங்கலாம் என்கிறான் தம்பி. காரின் ரேடாரைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் கேட்டிருக்கிறோம்.